ஒருமுறைகூடத் தடுமாறாத கணக்கு

லாக், அதாவது கணினியின் நுழைவுப் பதிவு, படிப்பது எனக்கு நாவல் படிப்பதைவிடப் பிடிக்கும். சென்னையில் ஒரு வங்கியின் தலைமையகத்தில், கணினிப் பாதுகாப்புப் பிரிவில், வேலையின் பின்பாதியை அதைப் படித்தே கழித்தேன். அமைப்புக்குள் யார் நுழைந்தாலும் ஒரு வரி விழும். எந்தப் பயனர், எத்தனை மணி, எந்தக் கருவி, எந்த இணைப்பு, கடவுச்சொல் சரியா தவறா என்பது அதில் இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாத வரிகள்தான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் வரிகளுக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள். இவர் மதியம் தூங்குகிறவர், இவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடவுச்சொல்லை மறக்கிறவர் என்று தெரியத் தொடங்கும். பிறகு ஒருநாள் அவர் பெயரில் வேறு யாரோ நடமாடுவார்கள். பெயர் அதேதான், நடை மட்டும் வேறு. அந்த வேறு நடையைக் கண்டுகொள்ளும் நொடியில் என் உள்ளங்கை வியர்த்துவிடும். எழுபதைத் தாண்டிய பிறகும் வியர்க்கிறது.

ஓய்வுக்குப் பிறகு மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வீடு கட்டிக்கொண்டு வந்தோம். மாடியில் நின்றால் உப்பளம் முழுக்கத் தெரியும். வந்த புதிதில் நானும் மனைவியும் தினமும் நின்று பார்த்தோம். அப்புறம் கண்ணுக்குப் பழகிவிட்டது. ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த காலையில், உப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் செயலர் பைக்கில் வந்து இறங்கினார்.

"சார், நீங்க பேங்க்ல கம்ப்யூட்டர் திருட்டெல்லாம் புடிச்சவருன்னு சொல்றாங்க. எங்களுக்கு ஒரு திருட்டைப் புடிச்சுக் குடுக்கணும்."

"என்ன திருட்டு?"

"உப்பு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். சங்கத்துக்குப் பொதுவான களத்தில் உப்பைக் குவித்து, பனையோலை வேய்ந்து மூடி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் விலை ஏறும்போது லாரி லாரியாகப் போகும். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பாஸ் வேண்டும். உப்புப் பாத்திகளில் வேலை செய்யும் ஒவ்வொரு கூட்டத்தின் தலைவரும் சங்கத்தின் இணையதளத்தில் தன் கணக்கைத் திறந்து பாஸ் போடலாம். அது டிரைவரின் போனுக்குப் போகும், கேட்டில் காட்டிவிட்டு வெளியேறலாம். லாரி வராமல் போனால் பாஸை ரத்தும் செய்யலாம். திருடன் செய்த வேலை மிக எளியது. பாஸ் போட வேண்டியது, லாரி கேட்டைத் தாண்டியதும் ரத்து செய்துவிட வேண்டியது. கணக்கில் அந்த லாரியே இல்லை, களத்தில் உப்பும் இல்லை. மலிவாகச் செய்து வாங்கிய தளம் என்பதால், ரத்து நடந்த நேரத்தை மட்டும் அது குறித்து வைத்தது. அது யார் போட்ட பாஸ், யார் கணக்கிலிருந்து ரத்தானது என்பதைக் குறிக்கவில்லை.

"யாரெல்லாம் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்பதாவது இருக்கிறதா?" என்றேன்.

"அது இருக்குதுங்க. ஆனா யாரு படிக்கிறது அத்தினியும்?"

எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று மத்தியானமே சங்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லி மனைவி போன் செய்துகொண்டே இருந்தாள்.

ரத்தான நேரங்கள் எல்லாமே மாலை ஆறு மணியை ஒட்டி விழுந்திருந்தன. அந்த நேரத்து நுழைவுகளை மட்டும் பிரித்தெடுத்தேன். அப்போது பார்த்ததை இன்று நினைத்தாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. ஒன்பது தலைவர்களின் கணக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே போனிலிருந்து திறக்கப்பட்டிருந்தன. தினமும் அப்படித்தான். ஒரு கணக்கு, இரண்டு மூன்று தவறான கடவுச்சொல், பிறகு சரியானது. உடனே அடுத்த கணக்கு, மறுபடி தவறு, தவறு, சரி. வங்கியில் இப்படி ஒரு பக்கம் வந்திருந்தால் எச்சரிக்கை மணி அடித்து மாடி முழுக்க எழுந்து நின்றிருப்போம். எவனோ ஒருத்தன் எல்லாருடைய சாவிகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அந்த போன் ஒரு பெண்ணுடையது. தெற்குப் பாத்திகளில் வேலை செய்யும் பெண்கள் கூட்டத்தின் தலைவி. ஐம்பது வயதிருக்கும். பள்ளிப் படிப்பை முடித்தவர். கூட்டத்திலிருந்த பெண்கள் வயது வித்தியாசமில்லாமல் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள்.

போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீக்கடை வரை நடந்தால் போதும். நான் கேட்கவில்லை. சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். திண்டிவனத்திலிருந்து புரொஜக்டர் வாடகைக்கு வந்தது. தகரக் கூரைக்குக் கீழே வேட்டியைத் திரையாகக் கட்டி, ஒன்பது பெயர்களையும் ஒரு போனையும் கோடு போட்டு இணைத்துக் காட்டினேன். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சை யாரும் அப்படிக் கவனித்ததில்லை.

"இந்த போன் யாருடையது?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

அவர் எழுந்தார். "என்னுதுதான் சார். அதுக்கு இன்னா இப்ப?"

"மத்தவங்க கணக்குக்குள்ள நீங்க எப்படிம்மா நுழைஞ்சீங்க?"

"நுழையறதா? என்னாத்துக்கு நான் நுழையறேன்? பாத்திக்குப் போனைக் கொண்டுட்டுப் போனா உப்புத்தண்ணி பட்டு ரெண்டே மாசத்துல பூடும். எல்லாரும் வீட்ல வெச்சிட்டுதான் வருவாங்க. சாயங்காலம் டீக்கடையில குந்திக்கிட்டு அவங்கவங்க கணக்கைச் சொல்லுவாங்க, நான் போடுவேன். இத்தினி வருஷமா அப்படித்தான்."

"அவங்க பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களுக்கு எங்க சார் தெரியும் அவங்க பாஸ்வேர்டு? எனக்குத்தான் தெரியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "அக்கா, என்னுத மட்டும் சார்கிட்ட சொல்லிடாத, என் பொண்டாட்டி பேரு அது இல்ல" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தச் சிரிப்பே அவர் சொல்வது உண்மை என்பதற்குச் சாட்சி. ஆனால் என் கையிலிருந்து கூட்டம் நழுவுகிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. சங்கத்தின் விதியை எடுத்து உரக்கப் படித்தேன். கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்தவர், பாஸ் போடும் உரிமையை அந்தப் பருவம் முழுக்க இழப்பார். படித்துவிட்டுக் கேட்டேன்:

"உங்களில் யார் யார் இவருக்குக் கடவுச்சொல் கொடுத்தீர்கள்? எழுந்து நில்லுங்கள்."

ஒருவரும் எழவில்லை. எப்படி எழுவார்கள்? எழுந்தால் அவர்கள் பிழைப்பு போகும். வாயைக் கட்டிவிட்டு, பேசவில்லை பார் என்று நான் ஜெயித்தேன்.

அவர் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஏம்பா, ஒருத்தருக்கும் வாயில்லையா? டேய், நேத்துகூட நீதானடா டீக்கு சொல்லிட்டு கணக்கு சொன்ன?" அந்த ஆள் தரையைப் பார்த்தார்.

அதோடு நிறுத்தினேனா என்றால், அதுவும் இல்லை. ஒழுங்கான பயனர் எப்படி இருப்பார் என்று காட்ட அடுத்த பக்கத்தைத் திரையில் போட்டேன். வடக்குப் பிரிவு மேஸ்திரியின் கணக்கு அது. ஒரே போன், ஏறக்குறைய ஒரே நேரம், ஒரு தடவைகூடத் தவறான கடவுச்சொல் இல்லை. "இதுதான் முன்மாதிரி, எல்லாரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றேன். மேஸ்திரி, நரைத்த மீசைக்காரர், எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். கை தட்டினார்கள்.

அந்தப் பெண்ணின் கணக்கை நானே பூட்டினேன். குற்றச்சாட்டு தீரும்வரை அவர் கூட்டம் பாத்தியில் இறங்கக் கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது என்பதால் சொல்கிறேன். மழைநீரை வடித்த பிறகு தை மாதத்தில் பாத்திகளின் சேற்றை வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை கல்லாக இறுகினால்தான் உப்பு வெள்ளையாக எடுக்க வரும். எந்தக் கூட்டம் மிதிக்கிறதோ, அந்தப் பருவம் முழுக்க அந்தப் பாத்தி அந்தக் கூட்டத்துக்குத்தான். எந்தப் பத்திரத்திலும் இது கிடையாது. ஆனால் பத்திரத்தைவிட உறுதியாக நிற்கும். ஆக, தை மிதிப்புக்குள் அந்தப் பெண்ணின் பேர் சுத்தமாகாவிட்டால் அவருக்கும் அவரை நம்பியிருந்த பெண்களுக்கும் அந்த வருஷம் பாத்தி கிடையாது.

சங்கக் கூட்டம் முடிந்து சில நாள் கழித்து, மார்கழிக் கடைசியில், அதே டீக்கடைக்குப் போனேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் போனேன் என்று நினைக்கிறேன். பாத்தியிலிருந்து கரையேறி வந்த ஒருவர், வீட்டிலிருந்து மகள் கொண்டுவந்து கொடுத்த போனைத் திறக்கப் பார்த்தார். கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். உப்பு அரித்து வெடித்த விரல், ரேகையே இல்லை. எண்களை அழுத்தினார். நாலை அழுத்தினால் ஏழு விழுந்தது. "சனியன் புடிச்ச போனு" என்று திட்டி, "நீயே போட்டுக் குடும்மா" என்று மகளிடம் நீட்டினார்.

டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இந்தக் கரையில் யாருக்கும் முதல் முயற்சியில் திறக்காது. விரல் ஒத்துழைக்காது, கடவுச்சொல் நினைவிருக்காது. நான் குற்றத்தின் அடையாளமென்று திரையில் போட்டுக் காட்டிய அந்தத் தவறு, தவறு, சரி என்பதுதான் இங்கே உண்மையான ஆளின் நடை. அப்படியானால் ஒருமுறைகூடத் தடுமாறாதவர் யார்?

அலுவலகத்துக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், முழங்கால் வலியோடு. தோல்வியே இல்லாத கணக்குகளைத் தேடினேன். ஒன்றே ஒன்று வந்தது. என் முன்மாதிரி. அதன் பழைய பதிவுகளுக்குப் போனேன். ஆடி மாதம் வரை அந்தக் கணக்கும் எல்லாரையும் போலத் தடுமாறியிருந்தது. சில நாள் ஐந்தாறு தவறுகூட. ஆவணியில் கொஞ்ச நாள் அமைதி. பிறகு மீண்டும் அதே போன், ஆனால் ஒரு பிழை இல்லை. மேஸ்திரிக்குத் தெரியாமலே போனில் சேமிந்திருந்த கடவுச்சொல்லை வேறு ஒரு மழமழப்பான விரல் தட்டிக்கொண்டிருந்தது. மேஜையைக் குத்தினேன். "பிடித்தேன்!" என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து செயலர் என்னமோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மேஸ்திரியைத் தேடிக்கொண்டு வடக்குக் கரைக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க."

இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் கொடுத்தார்.

"இது இல்லைங்க. பாஸ் போடற போன்."

"அது டிஸ்ப்ளே பூட்சே சார், ஆவணிலயே. லாரி ஏஜெண்டு இல்ல, அவன் பார்ட்ஸுக்கு ஆகும்னு வாங்கிட்டுப் போனான். சிம்மை மட்டும் கழட்டி இதுல போட்டுக்கினேன்."

"அப்புறம் பாஸ் யார் போடறாங்க?"

"எனக்கு எங்க லோடு கீது? குவியலே இல்லியே இந்த வாட்டி."

"அன்னைக்குக் கூட்டத்துல உங்க கணக்கு ஒழுங்கா இருக்குதுன்னு சொன்னேனே. எனக்குக் கணக்கே ஓடலைன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அத்தினி பேரு முன்னாடி நல்ல மனுஷன்னு சொல்றீங்க. இல்ல சார், நான் அப்படி இல்லன்னு எழுந்து சொல்லச் சொல்றீங்களா?"

ஆக, யார் என்பது தெரிந்துவிட்டது. லாரி ஏஜெண்டு. எப்படி என்பதும் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். செயலர் அதைத்தான் சொன்னார்.

"சார், அந்தம்மாவைக் கூப்ட்டு சொல்லிடலாங்க. தை பொறக்கப்போவுது. பாத்தி காலியா கெடக்காது, வேற ஆள இறக்கிடுவாங்க."

"இப்போது அவரை விடுவித்தால் ஏஜெண்டு உஷாராகிவிடுவான். போனைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவான். அந்தம்மாதான் திருடி என்று நாம் நம்புவதாகவே அவன் நினைக்கட்டும். அடுத்த பாஸ் போடும்போது கையும் போனுமாகப் பிடிப்போம்."

"மிதிப்பு ஆரம்பிச்சிட்டா?"

"அதற்குள் ஒன்றும் ஆகாது."

இதுதான் நான் செய்தது. வங்கியில் இதை ஒரு வழிமுறையாகவே வைத்திருந்தோம். ஊடுருவியவனை உடனே விரட்டாமல், அவனுக்குத் தெரியாமல் கவனிப்பது. அங்கே அதற்கு நாங்கள் தூண்டிலில் வைத்தது போலிக் கணக்குகளை. இங்கே நான் வைத்தது ஒரு பெண்ணை. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. வேறு வழி இருந்ததா என்று யோசிக்கவும் இல்லை. மேஸ்திரியின் வாக்குமூலமும் என் பதிவுகளும் போதும், அன்றே முடித்திருக்கலாம். எனக்கு அந்த நொடி வேண்டியிருந்தது. திரையில் வரி விழும்போது ஆள் கையில் போன் இருக்கும் அந்த நொடி. வேலையில் இருந்த வருஷங்களில் ஒருமுறைகூட எனக்கு அது வாய்த்ததில்லை. திருடர்கள் எல்லாரும் எங்கோ வெளிநாட்டில் இருந்தார்கள்.

பொங்கல் வந்தது. லாரிகள் ஓடவில்லை, கணக்கும் திறக்கவில்லை. நான் தினமும் காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறவனைப் போலப் போய்த் திரையின் முன் உட்கார்ந்தேன். போகும் வழியில் தெற்குப் பாத்திகள். ஒருநாள் அங்கே வேறு ஒரு கூட்டம் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தது. சேறு சப்சப்பென்று கேட்டது. நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

பொங்கல் முடிந்து லாரிகள் வரத் தொடங்கிய முதல் வாரம், மாலையில் மேஸ்திரியின் கணக்கு திறந்தது. பிழையில்லாமல், முதல் தட்டிலேயே. செயலரை போனில் கூப்பிட்டேன். அவர் ஏற்பாட்டின்படி கேட்டில் நின்றிருந்தார்.

"உள்ளே வந்துட்டான். பாஸ் போடறான். லாரி வருதா பாருங்க."

"வருது சார். மொதல்ல அனுப்பிட்டு அந்தாண்ட மடக்கட்டுமா?"

"கேட்டைத் தாண்டட்டும். ரத்து விழுந்ததும் காவலாளி நிறுத்தட்டும். ஏஜெண்டு எங்க இருக்கான்?"

"பைக்ல, வேப்பமரத்தாண்ட. லாரியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். சார், லாரி தாண்டிடுச்சு."

"நீங்க அவன்கிட்ட போங்க. பேச்சுக் கொடுங்க. போனைக் கட் பண்ணாதீங்க."

என் காதில் செருப்புச் சத்தம், காற்று, செயலரின் குரல். "இன்னா தலைவரே, பொங்கலெல்லாம் எப்படி?" ஏஜெண்டு ஏதோ சொன்னான். செயலர் சிரித்தார். பிறகு, வாயை மூடிக்கொண்டு பேசுவதுபோல, "போன நோண்டறான் சார்" என்றார்.

திரையில் வரி விழுந்தது. ரத்து.

"இப்போ! இப்போ! பிடிங்க!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது தெரியாமல் நான் நின்றுகொண்டு கத்தினேன். கேட் காவலாளி லாரியின் குறுக்கே நின்றார். செயலர் ஏஜெண்டின் கையை போனோடு சேர்த்துப் பிடித்தார். "இன்னா சார், இன்னா சார் இது" என்ற குரல் கேட்டது. மேஸ்திரியின் கணக்கு அந்த போனில் திறந்தே இருந்தது. உடைந்த கண்ணாடியை மாற்றி, மேலே ஒரு புதுக் கவர் போட்டிருந்தான். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அன்று மாலை எனக்கு இருந்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொன்னால் பொய்யாகும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடித்தே காட்டினேன், யார் எங்கே நின்றார்கள் என்று.

மறுநாள் சங்க அலுவலகத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னோம். பூட்டை நானே எடுத்தேன். தலைவர்கள் சிலர் வந்திருந்தார்கள். ஒருவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கி மேஜையில் வைத்துவிட்டார், குடிக்கவில்லை. தெற்குப் பாத்தியை ஏற்கெனவே வேறு கூட்டம் மிதித்துவிட்டது. அதைத் திருப்பித் தரட்டுமா என்று செயலர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுங்களும் பொம்பளைங்கதான். கால் வெடிக்க மிதிச்சிருக்குதுங்க. ஏறி வாங்கடின்னு நான் எப்படிப் போயி சொல்றது?" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் இல்லன்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

செயலர் ஜன்னலைப் பார்த்தார்.

"நேத்துதாம்மா" என்றேன்.

"அப்பச் சரி. தெரியாம செஞ்சது. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய கூட்டம் கலைந்தது. சிலர் இறால் பண்ணைக்குப் போனார்கள். அவர் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் விரிப்புகள் துவைக்கும் வேலையில் சேர்ந்தார். நான் ஊரில் கொஞ்ச நாள் பெரிய ஆளாக நடமாடினேன். கிளியனூரிலிருந்துகூட ஒரு பால் சங்கத்துக்காரர்கள் தங்கள் கணக்குகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு நான் பிடித்த கதையைச் சொல்லும்போது மனைவி காபியோடு நின்று கேட்டாள். அவர்கள் போனதும் கேட்டாள்:

"மேஸ்திரியைப் பாத்தது பொங்கலுக்கு முன்னாடிதானே? அந்தப் பொம்பளைகிட்ட எப்ப சொன்னீங்க?"

சொன்னேன்.

"அடப்பாவி மனுஷா" என்றாள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குயிலாப்பாளையத்துக்குப் பஸ்ஸில் போனேன். விடுதியின் பின்பக்கம் கொடியில் வெள்ளை விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அவர் கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளிப்புகளை எடுத்துவிட்டு, "இன்னா சார், இங்கயும் திருட்டா?" என்றார்.

நான் சுற்றிவளைக்கவில்லை. எப்போது தெரியும் என்பதைச் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். பிடிக்கும் ஆசை என்றே சொன்னேன், வேறு நல்ல பெயர் வைக்கவில்லை.

அவர் விரிப்பை உதறிப் போட்டார். கொஞ்ச நேரம் அதற்குப் பின்னால் நின்றார்; கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு வெளியே வந்தார்.

"மிதிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"நேத்துன்னு சொன்னப்ப செயலருக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா தடுத்தது நான்."

"பதினோரு பொம்பளைங்க சார். ஒவ்வொருத்தியும் எங்க கெடக்குறாளோ. நாந்தான் அவளுங்களைக் கெடுத்தேன்னு ரெண்டு பேரு இன்னும் பேசறதில்ல எங்கிட்ட." குரல் உயரவில்லை. "எங்கிட்ட மட்டும் வந்து சொல்லிட்டுப் போனா? அத்தினி பேரு முன்னாடிதான என்னைத் திருடின்னீங்க? வேட்டி கட்டி, படம் காட்டி. அதே மாதிரி இதையும் காட்டுங்க."

"காட்டறேன்."

"வேட்டி வேண்டாம். வாயால சொன்னாப் போதும்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் சொன்னேன். என்னிடமிருந்த பதிவிலிருந்து, மேஸ்திரியின் கணக்கை நான் கண்டுபிடித்த நாளையும், மிதிப்பு தொடங்கிய நாளையும் முதலில் படித்தேன். பிறகு, நேற்று என்று சொன்னது பொய் என்றேன். செயலர் முகம் கறுத்தது. அவர் அப்போதே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பெரிய சத்தம் எழுந்தது. "படிச்சவரு செய்யற வேலையா இது?" என்று ஒருவர் எழுந்தார். அன்றைக்குத் தரையைப் பார்த்தவர்தான். அவரைப் பார்த்து அந்தப் பெண், "நீ குந்துடா, நீ ரொம்ப யோக்கியன்" என்றார். கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. கடவுச்சொல் கொடுத்தது நாங்கள்தான் என்று மற்ற தலைவர்கள் அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். என் நுழைவுரிமையை எடுத்துவிடும்படி நானே எழுதிக் கொடுத்தேன். எடுத்துவிட்டார்கள். விதியையும் மாற்றினார்கள்: தலைவர்கள் விரும்பினால் அந்தப் பெண் அவர்களுக்காகப் பதியலாம், அதற்கென்று அவருக்குத் தனிக் கணக்கு. அந்த யோசனை என்னுடையது. ஆனால் அதை நான் சொல்லாமல் வேறொருவர் வாயால் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

தெற்குப் பாத்தியை அவர் கேட்கவில்லை. கடைசியில், கால்வாய் ஓரமாகச் சில வருஷங்களாகச் சும்மா கிடந்த ஒரு பாத்தியை அவர் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். புதர் மண்டியது, தரை இளகியது. அதை இறுக்க ஒரு பருவம் போதாது என்று எல்லாருக்கும் தெரியும். மாசி பாதிக்கு மேல், மற்ற பாத்திகளில் முதல் உப்பு பூக்கத் தொடங்கியபோது, அவர்கள் மிதிக்க இறங்கினார்கள். பதினோரு பேரில் ஏழு பேர்தான் திரும்பி வந்திருந்தார்கள்.

நான் வரப்பில் நின்று பார்த்தேன். அவர்கள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, ஒரே சமயத்தில் காலைத் தூக்கி ஒரே சமயத்தில் வைத்தார்கள். ஒரு வரிசை முடிய நெடுநேரம் ஆயிற்று. ஆட்கள் போதவில்லை என்பது எனக்கே தெரிந்தது. செருப்பைக் கழற்றினேன்.

"சார், இன்னா பண்றீங்க?" என்று அந்தப் பெண் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

"நானும் கொஞ்சம் மிதிக்கிறேனே."

"அதெல்லாம் வேண்டாம், அங்கயே நில்லுங்க. கால வெச்சிங்கன்னா நாளைக்குப் பாத்தியில பங்கு கேப்பீங்க."

ஏழு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்பில் கால் வழுக்கி உட்கார்ந்தே விட்டாள். மற்றவர்கள் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தப் பெண் திரும்பி, அடுத்த வரிசைக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெயில் ஏறும்வரை வரப்பிலேயே நின்றேன். அந்த வருஷம் அந்தப் பாத்தியில் எடுத்த உப்பு, பழுப்பாக, இரண்டு லாரிக்கும் குறைவாக இருந்தது.